அறுந்த காதும் தொங்கும் மடலும்: வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

காது மடல் பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், தைக்காமல் ஒட்ட வழியில்லையா என்றே கேட்கின்றன. எனவே அங்கிருந்தே ஆரம்பிக்கிறோம்.

டாக்டர், என் வலது காதுத் துளை பல வருடங்களாக நீண்டுகொண்டே வந்து, இப்போது கீழ் விளிம்பில் நூலளவு தோல்தான் மிச்சம். கம்மலே போடாமல், மருத்துவ டேப் ஒட்டி ஆறு மாதம் வைத்திருந்தேன். துளி கூட ஒட்டவில்லை. எனக்குச் சர்க்கரை கிடையாது. பிறகு ஏன் ஆறவில்லை?

உங்கள் காதில் ஆற வேண்டிய புண்ணே இல்லை. காது குத்திய சில வாரங்களில் துளையின் உட்சுவர் முழுக்கத் தோல் படர்ந்துவிடும். தோட்டைக் கழற்றி மாட்டும்போது வலிக்காமல் இருப்பது அதனால்தான். எடை இழுத்து இழுத்துத் துளை கீழே இறங்கும்போது, இறங்கிய வழியெல்லாம் தோலும் கூடவே வளர்ந்துகொண்டு வருகிறது. எனவே நீங்கள் டேப் போட்டுச் சேர்த்துவைத்த இரண்டு ஓரங்களும் முழுமையான தோல். இரண்டு விரல்களை ஆறு மாதம் சேர்த்துக் கட்டிவைத்தாலும் அவை ஒட்டிக்கொள்ளப் போவதில்லையே, அதே கதைதான்.

ஓரங்கள் ஒன்றுசேர வேண்டுமானால் உட்புறத் தோலைச் சீவி எடுத்து, இரு பக்கமும் பச்சைப் புண்ணாக்கி, அந்தப் புண்களை நேருக்கு நேர் வைத்துத் தைக்க வேண்டும். இந்த அறுவை சிகிச்சையின் சாரம் இவ்வளவுதான். அந்த நூலளவு தோலைக் காப்பாற்ற வேண்டும் என்று பெரும்பாலோர் கேட்பார்கள். அது நலிந்துபோன தோல். ரத்த ஓட்டமும் குறைவு. 2, 3 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் அதையும் வெட்டிவிட்டு, முழுதாக அறுந்த காதைத் தைப்பதுபோலத் தைப்பதே நல்லது. விளிம்புக்கு மேல் தடிமனான, ஆரோக்கியமான சதை மிச்சமிருந்தால் மட்டும் அதைத் தொடாமல் மேலே உள்ள பிளவை மூடலாம்.

ஆபரேஷன் என்றாலே பயமாக இருக்கிறது. மயக்கம் கொடுப்பார்களா? உள்ளே என்னதான் செய்வார்கள்? கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

முழு மயக்கம் தேவையில்லை. மடலை மட்டும் மரக்கச் செய்யும் ஊசி போதும். வெறும் வயிற்றோடு போகவும் வேண்டாம், சாப்பிட்டுவிட்டே போங்கள். பசியோடும் பதற்றத்தோடும் படுப்பவர்களுக்குத்தான் தலைசுற்றல் வருகிறது. முதல் நாள் தலைக்குக் குளித்துவிடுங்கள், ஏனென்றால் பிறகு இரண்டு நாள் காதில் தண்ணீர் படக்கூடாது. தலை வழியாகக் கழற்றும் உடை வேண்டாம், முன்பக்கம் பொத்தான் வைத்த உடை போதும்.

முதல் வேலை, பேனாவால் குறிப்பது. ஊசி போடும் முன்பே எங்கே வெட்டுவது, எங்கே சேர்ப்பது என்று குறித்தாக வேண்டும்; மருந்து உள்ளே போனதும் மடல் உப்பி வடிவம் மாறிவிடும், அப்புறம் போடும் கோடு தப்பாகத்தான் இருக்கும். நீங்கள் உட்கார்ந்த நிலையில், இரண்டு காதையும் ஒப்பிட்டுப் பார்த்துக் குறித்தால் இன்னும் நல்லது.

அடுத்து மரப்பு ஊசி. 1 அல்லது 2 சதவீத லிக்னோகெயின், பெரும்பாலும் அட்ரினலின் கலந்தது, ஒரு காதுக்கு 1 முதல் 2 மில்லி. முதல் பத்துப் பதினைந்து விநாடி சுரீரென்று எரியும். மொத்தச் சிகிச்சையில் வலி என்று சொல்லக்கூடியது அது மட்டும்தான். லிக்னோகெயின் ஓரிரு நிமிடத்தில் மரக்கச் செய்துவிடும். ஆனால் அட்ரினலின் ரத்தக்குழாயைச் சுருக்க ஏழெட்டு நிமிடமாவது ஆகும். அவசரப்படாத மருத்துவர் அதுவரை காத்திருப்பார். அட்ரினலினால் சிலருக்குச் சற்று நேரம் நெஞ்சு படபடக்கும், பயப்பட வேண்டாம். பல் மருத்துவரிடம் மரப்பு ஊசி போட்டு ஏதாவது தொந்தரவு வந்திருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பிறகு சிறிய கத்தியால் பிளவின் உட்பக்கத் தோலை ஒரு மில்லிமீட்டர் அளவில் சீவி எடுப்பார்கள். இது சின்ன வேலையாகத் தெரியும். ஆனால் ஒரு துணுக்கு தோல் உள்ளே தங்கிவிட்டாலும் ஒன்று அந்த இடம் ஒட்டாது, அல்லது சில மாதம் கழித்து அங்கே ஒரு கட்டி கிளம்பும். பிளவின் மேல் முனையில்தான் துணுக்கு தங்குவது சாதாரணம்.

தைப்பது மூன்று அடுக்காக. நடுவில் உள்ள கொழுப்பையும் நாரையும் சேர்க்க, தானே கரையும் மெல்லிய நூல், 5-0 அளவில் ஒன்றிரண்டு தையல். முன்பக்கத் தோலுக்கு அதைவிட மெல்லிய 6-0 நைலான் அல்லது பாலிபுரோப்பிலீன், மூன்று நான்கு தையல். பின்பக்கத்துக்கு இரண்டு மூன்று. முழுதாக அறுந்த காதில் முதல் தையலை விளிம்பில்தான் போடுவார்கள். விளிம்பு சரியாகச் சேர்ந்துவிட்டால் மற்றவை தானாக வரிசைக்கு வரும். ஒரு காதுக்கு 20 முதல் 30 நிமிடம். அன்றே வீட்டுக்குப் போகலாம்.

பிளாஸ்டிக் சர்ஜன், அறுவை சிகிச்சைப் பயிற்சியுள்ள தோல் மருத்துவர், காது மூக்கு தொண்டை மருத்துவர் ஆகிய மூவருமே இதைச் செய்கிறார்கள். பட்டத்தைவிட, அவர் தைத்த காதுகளின் மூன்று மாதத்துக்குப் பிந்தைய படங்களைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். தையல் பிரித்த அன்று எடுத்த படத்தில் எல்லாக் காதும் அழகாகத்தான் இருக்கும்.

என் தங்கைக்குத் தைத்த காது ஒட்டிவிட்டது. ஆனால் கீழ் விளிம்பில் ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது, கடித்து எடுத்ததுபோல. தையல் சரியில்லையா?

தையலைக் குறை சொல்லும் முன் தழும்பின் குணத்தைப் பார்க்க வேண்டும். எந்தத் தழும்பும் முதல் சில மாதங்களில் நீளவாக்கில் சுருங்கும். மடலில் தையல் மேலிருந்து விளிம்பு வரை நேர்கோட்டில் இருந்தால், சுருங்கும் கோடு விளிம்பை மேலே இழுக்கும். அதுதான் பள்ளம்.

தடுக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, விளிம்பில் தோலைச் சற்றுத் தூக்கினாற்போல், வெளிப்புறம் துருத்திக்கொண்டு நிற்கும்படி தைப்பது. அன்று பார்க்க அசிங்கமாக இருக்கும். சுருங்கிய பிறகு சமமாகிவிடும். தையல் போட்ட மறுநாள் விளிம்பில் மேடு தெரிகிறதே என்று யாரும் கோபப்பட வேண்டாம், அது வேண்டுமென்றே செய்தது. இன்னொன்று, விளிம்புக்கு அருகே கோட்டை நேராக விடாமல் ஆங்கில ‘இசட்’ எழுத்துபோல முறித்துத் தைப்பது, அல்லது ஒரு பக்க ஓரத்தைப் படிபோல வெட்டி மறுபக்கத்தில் பொருத்துவது. சுருங்கும் விசை ஒரே திசையில் போகாமல் பிரிந்துவிடும். இதற்குச் சதை கொஞ்சம் தேவை. மடல் ஏற்கெனவே சிறியதாக இருப்பவர்களுக்கு மடல் மேலும் சிறுக்கலாம். அதனால் எல்லோருக்கும் ‘இசட்’ போட வேண்டும் என்று சொல்ல மாட்டோம். மெல்லிய, சிறிய மடலில் கவனமாகப் போட்ட நேர்த்தையலே போதும்.

தங்கையின் காதை இப்போதே மறுபடி தொட வேண்டாம். தழும்பு இளகி வெளுக்க ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். அதற்குப் பிறகும் பள்ளம் உறுத்தினால், அந்த விளிம்பை மட்டும் சின்னதாகத் திருத்திக்கொள்ளலாம்.

தையலே இல்லாமல், மருந்து தடவி ஒட்டுகிறோம் என்கிறார்கள் அழகு நிலையத்தில். நம்பலாமா?

அந்த மருந்து பெரும்பாலும் ட்ரைகுளோரோஅசிட்டிக் அமிலம். அடர்த்தியான அமிலத்தைத் துளையின் உட்சுவரில் தொட்டு, அந்தத் தோலைப் பொசுக்கி, புண்ணாக்கி, டேப்பால் நெருக்கிவைப்பது முறை. தத்துவம் தவறல்ல, கத்தி செய்வதை அமிலம் செய்கிறது. விளிம்பு நன்றாக மிச்சமிருக்கும், சற்றே நீண்ட துளைக்குத் தோல் மருத்துவர்கள் இதைப் பயன்படுத்துவதுண்டு; பல தடவை போக வேண்டியிருக்கும். முழுதாக அறுந்த காதுக்கு இது எடுபடாது.

சிக்கல் எங்கே என்றால், கத்தி எவ்வளவு ஆழம் போனது என்பது கண்ணுக்குத் தெரியும், அமிலம் போன ஆழம் தெரியாது. வழிந்தால் சுற்றியுள்ள தோலும் பொசுங்கும். மாநிறத் தோலில் கறுப்புத் திட்டோ வெள்ளைத் திட்டோ நிற்கும். கீலாய்டு, அதாவது காயத்தின் எல்லையைத் தாண்டித் தடித்து வளரும் தழும்பு, வரக்கூடியவருக்கு அது வரும் அபாயமும் உண்டு. அழகு நிலையத்தில் இதைச் செய்யக்கூடாது என்பதே எங்கள் கருத்து. வீட்டில் உடனடி ஒட்டுப் பசை வைப்பது இன்னும் மோசம்: தோலோடு தோல் ஒட்டி, இரண்டு நாளில் உரிந்து வரும், கூடவே ஒவ்வாமையும் வரும்.

மடியில் இருந்த குழந்தை வளையத்தை இழுத்து, காது இன்று காலைதான் முழுதாக அறுந்தது. இது நடந்தால் உடனே என்ன செய்ய வேண்டும்?

சுத்தமான துணியை வைத்து இரண்டு விரலால் முன்னும் பின்னும் அழுத்திப் பிடியுங்கள். 10 நிமிடம், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காமல். பிறகு குழாய்த் தண்ணீரில் கழுவி, ஈரத் துணியோ காஸோ (மருத்துவ வலைத்துணி) வைத்து மூடி, அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். பொடி, பசை எதையும் காயத்தில் வைக்க வேண்டாம். அதைச் சுரண்டி எடுப்பதே பெரிய வேலையாகிவிடும். சதைத் துண்டு தனியாக வந்திருந்தால் ஈரக் காஸில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையைப் பனிக்கட்டியின் மேல் வைத்து எடுத்துப்போங்கள். துண்டு நேரடியாகப் பனிக்கட்டியில் படக்கூடாது.

புதிதாக அறுந்த காதில் இரு ஓரமும் பச்சைப் புண்ணாகவே இருப்பதால், சுத்தம் செய்து அப்படியே தைத்துவிடலாம். காதுக்கு ரத்த ஓட்டம் அதிகம் என்பதால், காயம் சுத்தமாக இருந்தால் 24 மணி நேரம் வரைகூடத் தைக்க முடிகிறது. பழைய துளையின் உட்சுவர் மட்டும் மேல் முனையில் இருக்கும், அதைச் சீவ வேண்டும். டெட்டனஸ் ஊசி கடைசியாகப் போட்டு 10 வருடம் தாண்டியிருந்தால், அல்லது காயம் அழுக்கானது என்றால் 5 வருடம் தாண்டியிருந்தாலும், ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். நாய் கடித்து அறுந்ததென்றால் விஷயமே வேறு: 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவிவிட்டு ரேபிஸ் சிகிச்சைக்கு ஓட வேண்டும், தையல் அப்புறம்.

இரண்டு மூன்று நாள் தள்ளிப்போய்ச் சீழ் பிடித்துவிட்டால் அப்போது தைக்கக்கூடாது. ஆறவிட்டு, வீக்கமெல்லாம் வடிந்து, சுமார் மூன்று மாதம் கழித்து முதல் கேள்வியில் சொன்ன முறைப்படி தைக்க வேண்டியதுதான்.

தையல் போட்ட பிறகு எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும்? தலைக்குக் குளிக்கலாமா? மாத்திரை உண்டா?

முதல் 48 மணி நேரம் நனைக்காதீர்கள். அதன் பிறகு தலைக்குக் குளிக்கலாம். ஷாம்பு பட்டால் தண்ணீர் விட்டு அலசி, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். காய்ந்த ரத்தப் பொருக்கு தையல்மேல் ஏறினால் உப்புநீர் தொட்ட பஞ்சால் ஊறவைத்து எடுங்கள், பிய்க்காதீர்கள். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு இரண்டும் கிருமியோடு சேர்த்து வளரும் தோல் செல்லையும் கொல்லும், தேவையில்லை. மருத்துவர் தந்த களிம்பை மெல்லிய படலமாக தினம் இரண்டு வேளை தடவினால் போதும்.

வலி லேசாகத்தான் இருக்கும், பாராசிட்டமால் போதும். சுத்தமாகச் செய்த இந்தச் சிகிச்சைக்குப் பலருக்கு ஆன்டிபயாடிக் மாத்திரையே தேவைப்படாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு மருத்துவர் தரலாம்.

தையல் பிரிப்பது முன்பக்கம் 5 முதல் 7 நாளில், பின்பக்கம் 7 முதல் 10 நாளில். ‘நன்றாக ஒட்டட்டும்’ என்று இரண்டு வாரம் விட்டுவைப்பவர்கள் உண்டு. அதனால் ஒட்டும் வலு ஒன்றும் அதிகமாகிவிடாது. நூல் போன வழியில் தோல் படர்ந்து, தண்டவாளம் போட்டதுபோல் புள்ளித் தழும்பு நின்றுவிடும், அவ்வளவுதான்.

தூக்கம்தான் உண்மையான தொல்லை. ஒரு காது என்றால் மறுபக்கம் படுக்கலாம். இரண்டும் தைத்திருந்தால் மல்லாந்துதான் படுக்க வேண்டும். பக்கவாட்டில் புரளாமல் இருக்கத் தலைக்கு இருபுறமும் சின்னத் தலையணை வையுங்கள். கைபேசியை ஸ்பீக்கரில் போட்டுப் பேசுங்கள். ஹெல்மெட்டை மாட்டும்போதும் கழற்றும்போதும் மடல் மடங்கி இழுபடும். முதல் இரண்டு வாரம் வண்டி ஓட்டாமல் இருக்க முடிந்தால் நல்லது. முடிக்குச் சாயம் மூன்று வாரம் வேண்டாம். மடல் சில வாரங்கள் மரத்த மாதிரி இருக்கும், அந்தக் காலத்தில் ஹேர் டிரையர் சூடு தெரியாமல் சுட்டுவிடும்.

மூன்றாம் நாளுக்குப் பிறகு வலி குறையாமல் கூடினாலோ, சிவந்து சூடேறினாலோ, சீழ் அல்லது காய்ச்சல் வந்தாலோ, தையல் பிரிக்கும் தேதிவரை காத்திருக்காமல் உடனே காட்டுங்கள்.

இன்னும் ஐந்து வாரத்தில் வீட்டில் ஒரு விசேஷம். இப்போது தைத்துக்கொண்டு அதற்குள் ஜிமிக்கி போட்டுவிடலாமா? துளையை விட்டுவைத்தே தைக்கும் முறையும் இருக்கிறதாமே?

போடக்கூடாது. கணக்கைப் பாருங்கள். தைத்து ஒரு வாரத்தில் அந்த இடத்துக்கு இயல்பான தோலின் வலுவில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. மூன்று வாரத்தில் சுமார் 20 சதவீதம். ஆறு வாரத்தில் பாதி. மூன்று மாதத்தில் 80 சதவீதம் வரை வரும், அதற்கு மேல் எப்போதும் ஏறாது. வெளியே பார்த்தால் மூன்றாம் வாரமே ஆறினாற்போலத் தெரிவதுதான் ஏமாற்று வேலை. மறுபடி அறுந்து வரும் காதுகளில் பல, இப்படி ஏதோ ஒரு விசேஷத்துக்காக அவசரமாக நகை மாட்டியவை.

துளையை விட்டுவைத்துத் தைக்கும் முறை உண்மையிலேயே இருக்கிறது. பிளவின் ஓரத்தில் உள்ள தோலைச் சுருட்டி உள்ளே வைத்து, பழைய துளையின் மேல் முனையைக் காப்பாற்றுவார்கள். உடனே தோடு போட முடியும் என்பதுதான் கவர்ச்சி. ஆனால் அந்தத் துளை தழும்பின் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. எடை மறுபடி அதே கோட்டில்தான் இறங்கும். முழுதாக மூடிவிட்டுப் பிறகு வேறு இடத்தில் குத்திக்கொள்வதையே நாங்கள் சிபாரிசு செய்கிறோம்.

மூன்று மாதம் கழித்துக் குத்துங்கள். தழும்புக் கோட்டின் மேல் வேண்டாம், அதற்குப் பக்கவாட்டில், நல்ல தோலில். கீழ் விளிம்பிலிருந்து குறைந்தது 6 மில்லிமீட்டர் மேலே இருக்கட்டும். துளை மடலுக்குச் செங்குத்தாகப் போக வேண்டும். சாய்வாகக் குத்தினால் தோடு எப்போதும் கீழே பார்த்துத் தொங்கும். துப்பாக்கிபோல் அழுத்திக் குத்தும் கருவி திசுவை நசுக்குகிறது, அதன் பிளாஸ்டிக் உடலை உயர் வெப்பத்தில் கிருமிநீக்கவும் முடியாது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கிருமிநீக்கிய ஊசி மேல். முதல் ஆறு வாரம் சிறிய, எடையற்ற தோடு. விசேஷத்துக்கு? அன்று எதுவும் போடாமல் இருங்கள், அல்லது சிகிச்சையை விசேஷத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பல வருடம் அறுந்திருந்த காதுக்கு இரண்டு மாதத் தாமதத்தால் ஒன்றும் ஆகிவிடாது.

நான் 26 வயது ஆண். காதில் 14 மில்லிமீட்டர் ‘பிளக்’ போட்டுத் துளையைப் பெரிதாக்கியிருந்தேன். வேலைக்காக இப்போது கழற்றிவிட்டேன். தானாகச் சுருங்குமா?

கொஞ்சம் சுருங்கும், முழுதாகச் சுருங்காது. 6 மில்லிமீட்டர் வரை, அதுவும் அவசரமில்லாமல் படிப்படியாகப் பெரிதாக்கியது என்றால், பெரும்பாலும் சாதாரணத் துளை அளவுக்கு வந்துவிடும். 10 மில்லிமீட்டரைத் தாண்டியது அப்படி வருவது அரிது. அவசரமாகப் பெரிதாக்கி, நடுவில் கிழிந்து ஆறிய காதுகள் இன்னும் பிடிவாதமானவை, ஏனென்றால் தழும்புக்கு மீளும் தன்மை குறைவு. கழற்றி மூன்று மாதம் எதுவும் போடாமல் பொறுத்திருங்கள். எவ்வளவு சுருங்குகிறதோ அவ்வளவும் லாபம். அறுவை சிகிச்சையில் வெட்ட வேண்டியது குறையும்.

இந்தக் காதைத் தைப்பது அறுந்த காதைத் தைப்பதைவிட நுட்பமானது. அங்கே சதை பிரிந்திருக்கிறது, இங்கே சதை நீண்டு வளையமாகிவிட்டது. வளையத்தின் இரு சுவரையும் சும்மா சேர்த்துத் தைத்தால் மடல் நீளமாக, கூம்பிப்போய்த் தொங்கும். அதனால் வளையத்தின் ஒரு பகுதியை வெட்டி எறிந்து, மிச்சமுள்ள தடித்த பகுதியை மேலே சுழற்றிப் பொருத்தி, உருண்டையான விளிம்பு வரும்படி அமைக்க வேண்டும். எந்தப் பக்கச் சுவர் தடிமன், எது மெலிந்தது என்று பார்த்துத்தான் திட்டமிட வேண்டும். ஒரு காதுக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். மடல் முன்பைவிடச் சற்றுச் சிறியதாக அமையும் என்பதை முதலிலேயே ஏற்றுக்கொண்டு படுங்கள். பின்னால் மனம் மாறி மறுபடி பெரிதாக்க நினைத்தால், தழும்பு நீளாது, கிழியும்.

அம்மாவுக்குக் காது குத்திய இடத்தில் கீலாய்டு வந்தது. எனக்கு இதுவரை எதுவும் வரவில்லை. ஆனால் காது பாதி கிழிந்திருக்கிறது. தைக்கலாமா?

தைக்கலாம், கண்ணைத் திறந்துகொண்டு. உங்கள் உடம்பிலேயே சாட்சி தேடுங்கள்: தோளில் போட்ட தடுப்பூசித் தழும்பு, நெஞ்சில் பரு வந்த இடம், பழைய ஆபரேஷன் தழும்பு. இவற்றில் ஏதாவது காயத்தின் எல்லையைத் தாண்டி, தடித்து, அரிப்போடு வளர்ந்திருந்தால் உங்களுக்கும் அந்த வாகு இருக்கிறது. எல்லைக்குள்ளேயே தடித்து, ஒரு வருடத்தில் அமுங்கிப்போனது கீலாய்டு அல்ல. அது வெறும் தடித்த தழும்பு.

வாகு இருந்தால் முதல் ஆறு மாதம் கண்காணிப்பு வேண்டும். தழும்பு தடிக்கத் தொடங்கும்போதே டிரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியைத் தழும்புக்குள் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடுவார்கள். காயம் ஆறிய பிறகு, மடலை முன்னும் பின்னும் மென்மையாக நெருக்கும் அழுத்தக் கிளிப்பை தினம் 12 மணி நேரத்துக்குக் குறையாமல் பல மாதம் அணிய வேண்டும். தோல் வெளுத்துப்போகும் அளவுக்கு இறுக்கினால் மடல் அழுகும். இறுக்கம் சரிதானா என்று மருத்துவரிடம் காட்டிக்கொள்ளுங்கள். இந்தப் பொறுமை இல்லையென்றால் பாதிக் கிழிசலோடு, கம்மல் போடாமல் இருப்பதே புத்திசாலித்தனம். தைத்தாலும் மறுபடி குத்தாதீர்கள். வந்துவிட்ட கீலாய்டை வெட்டி மட்டும் எடுத்தால், பெரும்பாலும் முன்பைவிடப் பெரியதாகத் திரும்பி வரும்.

வயது 64. இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஆஸ்பிரின் சாப்பிடுகிறேன். காது அறுபடவில்லை, ஆனால் மடல் மெலிந்து, சின்னத் தோடுகூடத் தலைகுப்புறத் தொங்குகிறது. என்ன செய்யலாம்?

முதலில் ஆஸ்பிரின்: நீங்களாக நிறுத்தவே நிறுத்தாதீர்கள். மடலில் கசியும் ரத்தத்தை விரலால் அழுத்தி நிறுத்திவிடலாம், ஸ்டென்டில் உறையும் ரத்தத்தை அப்படி நிறுத்த முடியாது. உங்கள் இதய மருத்துவரும் காதைத் தைப்பவரும் பேசி முடிவுசெய்யட்டும். பெரும்பாலும் மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே இதைச் செய்துவிடலாம்.

வயது ஏற ஏற மடலில் உள்ள கொழுப்பு கரைகிறது, தோல் தளர்கிறது. துளை வட்டமாகவே இருந்து மடல் மட்டும் மெலிந்திருந்தால், ஹையாலுரானிக் அமில ஃபில்லரை (தோலுக்கு அடியில் ஊசியால் நிரப்பும் கூழ்) ஒரு மடலுக்கு அரை மில்லிக்குள் செலுத்தினால் மடல் நிமிர்ந்து தோடு நேராக நிற்கும். ஆறு மாதம் முதல் ஒரு வருடம்தான் தாங்கும், பிறகு மறுபடி போட வேண்டும். துளையும் நீண்டிருந்தால் ஃபில்லர் அதை மூடாது. முதலில் தையல், மூன்று மாதம் கழித்து ஃபில்லர் என்று வரிசை வைத்துக்கொள்ளுங்கள். மடலே நீண்டு தொங்கினால் ஆப்பு வடிவில் ஒரு துண்டை எடுத்துச் சுருக்கித் தைக்கும் முறையும் உண்டு. இதற்கெல்லாம் முன்னால் ஒன்று செய்து பாருங்கள்: மடலின் பின்பக்கத்துக்கும் தோட்டின் திருகாணிக்கும் நடுவில் சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள ஒளிபுகும் வில்லையைக் கோத்து மாட்டுங்கள். பலருக்கு அதுவே போதுமாக இருக்கிறது.

மகளுக்கு 5 வயது. இரண்டு வயதில் அறுந்த காது அப்படியே இருக்கிறது. எப்போது தைக்கலாம்?

அவள் 20 நிமிடம் அசையாமல் படுக்கும் வயதில், பொதுவாக 8 முதல் 10க்குள். காத்திருப்பதால் கிழிசல் பெரிதாகாது. இதற்காக மட்டும் முழு மயக்கம் கொடுப்பது அவசியமில்லை.

தைத்து எட்டு மாதம் ஆகிறது. மடலுக்குள் பட்டாணி அளவில் ஒரு கட்டி உருளுகிறது. வலி இல்லை. கீலாய்டா?

உருளுகிறது என்று சொன்னதே பாதி பதில். கீலாய்டு தோலின் பகுதி; கெட்டியாக, பளபளப்பாக, தோலோடு சேர்ந்தே இருக்கும், அரிக்கும். தோலுக்கு அடியில் உருள்வது பெரும்பாலும் தோல் நீர்க்கட்டி. தைக்கும்போது உள்ளே தங்கிவிட்ட தோல் துணுக்கு, வெளியே உதிர வேண்டிய செல்களை உள்ளேயே உதிர்த்துச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. பிதுக்காதீர்கள். பிதுக்கினால் உறை உள்ளேயே கிழிந்து சீழ் வைக்கும், அப்புறம் எடுப்பது கடினம். அமைதியாக இருக்கும்போதே மரப்பு ஊசி போட்டு உறையோடு எடுத்துவிட்டால் திரும்ப வராது. முடிந்தால் பின்பக்கம் வழியாக எடுக்கச் சொல்லுங்கள், தழும்பு தெரியாது.

தைத்த காது மறுபடி அறுபடாமல் இருக்க என்ன செய்வது? எவ்வளவு எடைவரை போடலாம்?

கிராம் கணக்கில் எல்லோருக்கும் பொருந்தும் ஓர் எண் கிடையாது. மடலின் தடிமனைப் பொறுத்தது. கண்ணாடியில் பக்கவாட்டில் நின்று பாருங்கள். தோடு மாட்டியதும் வட்டத் துளை கோடாக நீண்டு, மேலே வெளிச்சம் தெரிந்தால் அந்த நகை உங்கள் காதுக்குக் கனம். எடைக்குச் சமமாக நேரமும் முக்கியம்: கனமான ஜோடியை மூன்று மணி நேரம் போட்டுக் கழற்றுவது வேறு, அதையே போட்டுக்கொண்டு தூங்குவது வேறு. போட்டே ஆக வேண்டிய நாளில் மாட்டலைச் சேர்த்து மாட்டினால் எடையின் ஒரு பகுதியைக் கூந்தல் வாங்கிக்கொள்ளும்.

மெல்லிய கம்பிக் கொக்கி, அதே எடையுள்ள தடித்த தண்டைவிட வேகமாக அறுக்கும். உடை மாற்றும் முன்பும், தலைவாரும் முன்பும், கைக்குழந்தையைத் தூக்கும் முன்பும் தொங்கட்டானையும் வளையத்தையும் கழற்றுங்கள். துளையில் அரிப்பும் நீர்க்கசிவும் இருந்தால் நிக்கலுக்கு ஒவ்வாமை இருக்கலாம். ஊறிப்போன மடல் பாதி எடையிலேயே கிழியும். டைட்டானியத் தண்டுக்கு மாறிப் பாருங்கள், இரண்டு மூன்று வாரத்தில் கசிவு நிற்காவிட்டால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். கிளிப் வகைக் கம்மலுக்கு மாறுபவர்கள், அது இறுக்கும் இடம் கழற்றிய பிறகும் சிவந்தோ வெளுத்தோ நெடுநேரம் நின்றால், அந்த ஜோடியை ஒதுக்கிவிடுங்கள்.